மூலவர் பக்தர்

கருவறையை விட்டு நகராத திருமேனியை மூலவர் என்றும், திருவிழா நாள்களில் பட்டும் மாலையும் சாத்தப்பெற்று வீதியுலா வருகின்ற ஐம்பொன் படிமத்தை உற்சவர் என்றும் வழங்குவது தமிழ்நாட்டுக் கோயில் மரபு. திரையிசையிலும் இவ்விருவர் உண்டு. ஒரு பாடல் முதன்முதலில் ஒலிப்பதிவான வடிவம் மூலவர்; பின்னாளில் வேறொருவர் அதையே தம் குரலிலும் தமக்கு வாய்த்த கருவிகளிலும் பாடித் தருவது, இளைஞர் வழக்கில் ‘கவர்’ எனப்படுவது, உற்சவர். இந்த உற்சவர்களை ஏறெடுத்தும் பாராமல் மூலவருக்கு மட்டுமே கற்பூரம் காட்டுகின்ற ஒரு வகையினர் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களை மூலவர் பக்தர் என்று குறிப்பது பொருந்தும்.

மூலவர் பக்தரை இனங்காண ஏற்ற இடம் திருமண வரவேற்பு. ஏனையோர் பந்தியில் இடம் பிடிக்க விரைந்துகொண்டிருக்க, அவர் மட்டும் மெல்லிசைக் குழுவின் ஒலிபெருக்கிக்கு அருகில், தலையைச் சற்றே சாய்த்து, ஐயத்துக்குரிய விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரின் முகத்தோடு நின்றுகொண்டிருப்பார். பாடுபவரின் குரலை அவர் பொருட்படுத்துவதில்லை, அது டி.எம்.எஸ். குரல் அன்று என்பது முதல் நொடியிலேயே முடிந்துபோன வழக்கு. அவருடைய கவனமெல்லாம் இடையிசையில், அதாவது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே கருவிகள் மட்டும் ஒலிக்கின்ற பகுதியில்தான் இருக்கும். பாட்டு முடிந்ததும் மேடையோரம் சென்று, “தம்பி, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு புல்லாங்குழல் வருமே, காணோமே?” என்று கேட்பார். கீ-போர்டு வாசிப்பவர், “அவருக்கு இன்னொரு கல்யாணம் சார், நான்தான் அதையும் சேர்த்து வாசிச்சேன்” என்பார். பக்தர் பதில் சொல்லாமல் திரும்பிவிடுவார். அன்றிரவு அவருக்குப் பாயசம் இனிப்பதில்லை.

வரலாற்று ஆசிரியர்கள் படையெடுப்புகளைக் கொண்டு காலத்தைக் கணக்கிடுவதுபோல, இவர் காலத்தைக் கணக்கிடுவது மறுஆக்கங்களைக் கொண்டுதான். ‘படகோட்டி’ (1964) படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த ‘தொட்டால் பூ மலரும்’ வேறு மெட்டில் ‘நியூ’ படத்துக்கு வந்த 2004-ஐயும், ‘சொர்க்கம்’ (1970) படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ புதிய தாளக்கட்டோடு ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ஒலித்த 2007-ஐயும் குடும்பத்தில் நிகழ்ந்த துக்கங்களின் வரிசையிலேயே அவர் நினைவுகூர்வார். மூலப் பாடகரே பழைய பாட்டை மேடையில் பாடினாலும் விமோசனம் இல்லை; இசைத்தட்டில் இல்லாத ஒரு சங்கதியை, அதாவது ஒரே வரியைச் சற்று மாற்றி அழகுபடுத்திப் பாடும் வேறுபாட்டை, அவர் சேர்த்துவிட்டால், “இவருக்கே பாட்டு மறந்துபோச்சு” என்று பக்தர் தீர்ப்பளித்துவிடுவார். தில்லையில் மூலவரான நடராசரே தேரேறி வீதிக்கு வருகிறார் என்று எடுத்துச் சொன்னாலும் பயன் இராது.

சட்டம் ஓரளவு தம் பக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, ஒரு பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழியும்வரை அதன்கீழ் மறுபதிவு கூடாதென்றும், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் சொல்லிலும் இசையிலும் உரிமையாளர் இசைவின்றிக் கைவைக்கக் கூடாதென்றும், மேலுறையில் முந்தைய பாடகரின் பெயரோ படமோ இடம்பெறலாகாதென்றும், இது கவர் பதிப்பே என்று அதில் குறிக்க வேண்டுமென்றும் விதிக்கின்றது. தெரிந்திருந்தால் பூசையறையில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். ஐந்து என்பது ஐம்பதாக இருந்திருக்கலாமே என்ற ஒரே குறையோடு.

இனி, இவர் கட்டிக்காக்கும் மூலம் யாது என்பதை ஆராய்தல் வேண்டும். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடப் பாட்டுத்தான் அடங்கும் என்பதால், படத்தில் நீண்டு ஒலித்த பாடல் தட்டில் குறுகியதும், இரு பக்கங்களாகப் பிளக்கப்பட்டதும் உண்டு. எனவே திரையில் ஒலித்தது மூலமா, தட்டில் சுழன்றது மூலமா என்ற கேள்வி பக்தர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. அவருக்கோ இவ்விரண்டும் மூலம் அல்ல. 1980-களில் ஊருக்கு ஊர் இருந்த பாட்டுப் பதிவுக் கடை ஒன்றில், கோடுபோட்ட தாளில் பாடல் பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட்டே அவருடைய கருவறை. கடைக்காரர் தம்மிடமிருந்த தேய்ந்த இசைத்தட்டிலிருந்து பதிந்தமையால், மூன்றாவது பாட்டில் ஊசி ஓரிடத்தில் ஒருமுறை துள்ளும். பக்கத்துக்கு முப்பது நிமிடமே என்பதால் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்திருந்தமையால் எல்லாப் பாட்டும் அரைச் சுருதி இறங்கியே ஒலிக்கும். முப்பது ஆண்டுகள் இவ்வாறு கேட்டுத் தேர்ந்தபின், அதே பாடலின் தூய்மைப்படுத்திய பதிவை மகன் கைபேசியில் ஒலிக்கவிட்டால், “சுருதி ஏறியிருக்கு, அந்தத் துள்ளலையும் எடுத்துட்டானுங்க” என்று அவர் முகம் சுளிக்கிறார். அறுந்த பாட்டுக்கு ஒரு முடிவு உண்டு என்பதை அவர் இன்றளவும் ஏற்கவில்லை.

கர்நாடக இசையுலகில் இச்சிக்கலுக்குப் பாடாந்தரம் என்றொரு நாகரிகமான சொல் உண்டு. ஒரே கீர்த்தனை வெவ்வேறு குருபரம்பரைகளில் வெவ்வேறு வகையாகப் பாடப்பட்டு வருவதை அது குறிக்கும். பக்தர் அங்கும் ஒருமுறை சென்றார். தியாகராசரின் ‘மரி மரி நின்னே’ காம்போதி இராகத்தில் பாடப்பட்டு வந்த கீர்த்தனை; அதை ‘சிந்து பைரவி’ (1985) படத்துக்காக இளையராஜா சாரமதியில் அமைக்க, யேசுதாஸ் பாடினார். படத்தின் வழியே அதை அறிந்திருந்த பக்தர், மார்கழிக் கச்சேரி ஒன்றில் வித்துவான் காம்போதியில் தொடங்கியதும், பக்கத்து இருக்கைப் பெரியவரிடம், “மெட்டை மாத்திப் பாடறார், பார்த்தீங்களா” என்று வருந்தினார். பெரியவர் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து சிற்றுண்டிச் சாலைக்குப் போய்விட்டார்.

இதைவிடப் பெரிய சோதனை வீட்டிலேயே இருக்கின்றது. பேத்தியை உறங்கவைக்க அவர் பாடுவது பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’. பாரதி அதற்குக் குறித்த இராகம் பைரவி. ஊரெல்லாம் பாடுகின்ற இராகமாலிகை, அதாவது பல இராகங்களைத் தொடுத்த மெட்டு, ‘மணமகள்’ (1951) படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் அமைத்தது. பாரதி மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த இந்த உற்சவரைத்தான் தாத்தா மூலவரென்று நம்பிப் பாடுகிறார். அதிலும் பாதி இராகங்களை உதறிவிட்டு, இரண்டு கண்ணிகளை மறந்து, நடுவில் ஓரிடத்தில் தவறாமல் இருமுகிறார்.

ஒருநாள் மருமகள் எம்.எல். வசந்தகுமாரி பாடிய பதிவை ஒலிக்கவிட்டாள். குழந்தை எழுந்து உட்கார்ந்து, “இந்தப் பாட்டி தப்பாப் பாடறாங்க, இருமவே இல்லை” என்றது. மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள். அவர் கைபேசியை அணைக்கச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார். இருமலை அதற்குரிய இடத்தில் வைத்தார்.