இரண்டு கார் டிரைவ்வே

1999 ஜனவரியில் ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் ஸ்னோ அள்ளுவதற்கு ராணுவத்தைக் கூப்பிட்டார். கனடாவின் மற்ற ஊர்க்காரர்கள் அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஸ்காபரோவில் நாங்கள் சிரித்ததற்குக் காரணம் வேறு. ஊரில் 'ஆமி வருது' என்று யாராவது சொன்னால் பின்வேலியால் பாய்ந்து ஓடிப் பழகிய சனம் நாங்கள். அதே சனம் யன்னல் சீலையை விலக்கிவைத்துக்கொண்டு, எங்கட ஒழுங்கைக்கும் ஆமி வருமோ என்று ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் பெற்றவாவா முகாமிலிருந்து வந்த பெடியள் சவலோடு நின்று பஸ் தரிப்பிடங்களைத் துப்புரவாக்கினார்கள். "இவங்கள் ஆமியோ, முனிசிப்பல் ஆக்களோ?" என்று என் மாமியார் கேட்டா. ஆமிதான் என்றேன். அவ நம்பவில்லை.

எங்கள் தெருவுக்கு அவர்கள் வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் ஆண்கள் விட்டிருக்கமாட்டார்கள். அந்த மாதம் இரண்டு கிழமைக்குள் ஏறத்தாழ ஒரு முழு மாரிக்குரிய ஸ்னோ கொட்டியது. வழித்ததைப் போட இடமில்லாமல் கரையில் குவித்த மதில் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு சவல் ஸ்னோவையும் தலைக்கு மேலே தூக்கி எறியவேண்டும். எனக்கு அப்போது நாற்பது. இரவு வேலை முடித்து விடியப்புறம் வந்து, படுக்கப்போகுமுன் டிரைவ்வே முழுவதையும் வழித்துவிட்டு, ஜக்கெற்றைக் கழற்றித் தோளில் போட்டபடி ஒரு சிகரெட் பற்றவைப்பேன். அது ஒரு வெற்றிக்கொடி. எதிர்வீட்டு அண்ணையும் பற்றவைப்பார். யாருடைய தார் முதலில் கறுப்பாகத் தெரிகிறது என்பதுதான் தெருவின் மௌனமான போட்டி. "இது தோட்டம் கொத்தின கையடா" என்று எல்லாருமே சொல்வார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் தோட்டத்தைக் கண்டது ரியூசனுக்குச் சைக்கிளில் போகும்போதுதான்.

இந்த டிரைவ்வே எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடங்களில் இருந்தோம். அங்கே ஸ்னோ மேலேயிருந்து பார்க்கிற காட்சி, அவ்வளவுதான். கீழே அதை அள்ளுவது சுப்பரின்ரெண்டனின் தலைவிதி. நாங்கள் செய்ததெல்லாம் இரவல் ஜக்கெற் மாட்டிக்கொண்டு அதில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பியதுதான். "படத்தில நல்லாய்த்தான் இருக்கு, தலைக்கு ஏதும் போடு" என்று அம்மா பதில் எழுதுவா. பிறகு ஆளுக்கு இரண்டு வேலை செய்து, சீட்டுப் பிடித்து, வீடு வாங்கினோம். வீடு விற்ற தம்பி கதவைக்கூடத் திறக்காமல் முதலில் காட்டியது வாசலைத்தான். "அண்ணை, ரெண்டு கார் கராஜ். வெளியில இன்னும் நாலு விடலாம்." நாலு கார் விடுகிற இடத்தை ஒரே ஒரு மனிதன் வழிக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, நாலு காருக்கும் யார் தவணை கட்டுவது என்பதில் புத்தி போய்விட்டது.

கணக்குத் தெரிந்தவர்கள் அப்போதே போட்டிருக்கலாம். ஆறு மீற்றர் அகலம், பத்து மீற்றர் நீளம், பதினைந்து சென்ரிமீற்றர் ஸ்னோ என்றால் ஒன்பது கன மீற்றர். புதிதாக விழுந்த பஞ்சு ஸ்னோவே கன மீற்றருக்கு நூறு கிலோ வரை வரும். ஆக, ஒரு சின்னக் காரின் நிறையை ஐந்து ஐந்து கிலோவாகத் தூக்கி எறிகிறோம். அது உருகி ஈரமானால் நிறை இரண்டு, மூன்று மடங்கு. அதெல்லாம் முடிந்து இடுப்பை நிமிர்த்தும்போது நகரசபையின் பிளவ் வரும். தெருவைச் சுத்தம் செய்து, அதன் கட்டியும் ஐஸும் உப்புத் தண்ணீருமான வண்டலை எங்கள் வாசலுக்குக் குறுக்கே ஒரு அணையாகக் கட்டிவிட்டுப் போகும். ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் அந்த அணைதான் என்பது என் சொந்தக் கருத்து. களைத்த உடம்பு, ஆகப் பாரமான ஸ்னோ, வேலைக்குப் பிந்துகிற அவசரம் மூன்றும் அங்கேதான் சந்திக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் சிகரெட்டும் கையுமாக வீரம் காட்டிக்கொண்டிருந்தபோது இதெல்லாம் அச்சில் வந்து சில வருடம் ஆகிவிட்டிருந்தது. மிச்சிகனில் பார்ரி பிராங்க்ளின் என்ற உடற்பயிற்சி ஆய்வாளரும் கூட்டாளிகளும், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத ஆனால் ஆரோக்கியமான பத்து ஆண்களைப் பிடித்து, ஈர ஸ்னோவை வழிக்கவைத்து, இதயத் துடிப்பை அளந்து 1995இல் எழுதினார்கள். சராசரி வயது முப்பத்திரண்டு. இரண்டே நிமிடத்தில் அவர்களுடைய துடிப்பு, உச்ச எல்லையின் 85 வீதத்தைத் தாண்டிவிட்டது. இரத்த அழுத்தத்தின் மேல் இலக்கமோ, ஓடும் பட்டியில் களைத்து விழும்வரை ஓடியபோது இருந்ததைவிடக் கூட. அதே பிராங்க்ளின் பின்னாளில், நாற்பத்தைந்து தாண்டியவர்கள் சவலைத் தொடாமலிருப்பதே நல்லது என்று சொல்லத் தொடங்கினார். அவர் பேச்சைக் கேட்டால் எங்கள் தெருவில் ஸ்னோவை ஏப்ரல் வெயில்தான் வழிக்கவேண்டும்.

இப்போது எனக்கு அறுபத்தாறு. வியாழக்கிழமை பின்னேரம் வானிலைக்காரி 'பதினைந்து சென்ரிமீற்றர்' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வட்ஸப்பில் குரல் பதிவுகள் வந்து விழும். "ஒருத்தரும் வெளியில இறங்காதேங்கோ. போன கிழமை மார்க்கத்தில ஒரு அண்ணை..." மீதியைக் கேட்கவேண்டியதில்லை. உடலைப் பார்வைக்கு வைக்கிற மண்டபங்களில் கேட்டு மனப்பாடமான கதை அது. காலமை எழும்பினவராம். வெறும் தேத்தண்ணி குடிச்சவராம். வழிச்சுப்போட்டு உள்ள வந்து நெஞ்சுக்க ஒரு மாதிரிக் கிடக்கு, வாயுவாக்கும் எண்டு சொன்னவராம். மனிசி ஓமத்தண்ணி அவிச்சவவாம்.

இந்த ஓமத்தண்ணியைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. எங்கள் ஆட்களுக்கு இதயம் என்ற உறுப்பு ஒருநாளும் நோவதில்லை, எல்லாம் வாயுதான். தாடை உளைந்தாலும் வாயு, இடக்கை விறைத்தாலும் வாயு, குளிரில் நின்றவனுக்கு வியர்த்தாலும் வாயு. போதாக்குறைக்குச் சலரோகம் வேறு. அது நரம்பை மழுங்கடித்துவிட்டால் நெஞ்சுநோ வராமலே அடைப்பு வரும். மூச்சு வாங்கும், களைக்கும், ஓங்காளிக்கும், அவ்வளவுதான். ஓமம் அவிகிற நேரத்தில் 911 ஆட்கள் வந்து சேர்ந்திருப்பார்கள்.

எங்களுக்கு இந்தச் சங்கதி கொஞ்சம் முந்தியே வரும் என்பதையும் பக்கத்து ஊரிலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஹமில்ரனில், மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் சலீம் யூசுப் தலைமையில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வு உலகமெங்கும் கணக்கெடுத்தது. மற்ற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வருகிற நடு வயது ஐம்பத்தொன்பதளவில் இருக்க, தென்னாசிய நாடுகளில் அது ஐம்பத்து மூன்று. கலியாணவீட்டுக்கு இரண்டு மணித்தியாலம் பிந்திப் போகிற சனத்துக்கு இதில் மட்டும் ஆறு வருட அவசரம்.

என் டொக்டர் எங்கள் ஊர்ப் பெடியன்தான். அவரிடம் ஒருமுறை வாதாடிப் பார்த்தேன்.

"நடவுங்கோ, உடம்பை அசையுங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இதுவும் உடற்பயிற்சிதானே தம்பி?"

"அங்கிள், நடக்கேக்க காலில இருக்கிற பெரிய தசையள் வேலை செய்து இரத்தத்தைத் திருப்பி மேல அனுப்புது. இதில கால் நட்ட கம்பமாய் நிக்குது, முழு வேலையும் கையுக்கு. கை சின்னத் தசை. அதே வேலைக்கு இதயம் கூடத் துடிக்கவேணும். பாரத்தைத் தூக்கேக்க மூச்சைப் பிடிக்கிறியளோ?"

"பிடிக்காமல் எப்பிடித் தூக்கிறது?"

"அதில பிரஷர் எகிறுது. குளிருக்கு இரத்தக்குழாய் சுருங்குது, இதயத்துக்குப் போற குழாயும் சேர்த்து. கூடத் தேவைப்படுற நேரத்தில குறையக் குடுக்குது. அதுவும் காலமை எழும்பின கையோட. மாரடைப்புக் கூட வாற நேரமே அதுதான்."

"அப்ப பின்னேரம் வழிக்கிறன்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். கட்டாயம் வழிக்கத்தான் வேணுமென்றால் சின்னச் சவல் எடுக்கவேணும், தூக்காமல் தள்ளவேணும், உள்ளேயே கொஞ்சம் நடந்து உடம்பைச் சூடாக்கவேணும், சாப்பிட்ட கையோடு போகக்கூடாது, பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் உள்ளே வரவேணும் என்று அடுக்கினார். பிறகு என் கொலஸ்ட்ரோல் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஒண்டும் வழிக்கவேண்டாம்" என்றார்.

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக்கூடாது. அன்றிலிருந்து சவல், பேஸ்மென்டில் உலையறைக்குப் பின்னால், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் சிறை. மனைவி கையில் ஆதாரமும் இருந்தது. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரை ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் ஸ்னோ விழுந்த நாட்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு 2017இல் வந்தது. இருபது சென்ரிமீற்றர் விழுந்தால், ஸ்னோ இல்லாத நாளோடு பார்க்கையில், மறுநாள் ஆண்கள் மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வாய்ப்பு 16 வீதம் கூடுகிறது. அதில் இறக்கிற வாய்ப்பு 34 வீதம் கூடுகிறது. பெண்களில் அப்படி ஒரு தொடர்பும் தெரியவில்லை. 'பாத்தியளோ' என்றா மனைவி. பார்த்தேன். சவல் பிடித்தது யார் என்று அந்தப் பதிவுகளில் இல்லை என்பதையும் பார்த்தேன். ஸ்னோ கொட்டினால் வெளியே பாய்வது பெரும்பாலும் ஆண்கள் என்பதால் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஊகிக்கிறார்கள். பெண்ணின் இதயம் இரும்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் புள்ளிவிபரம் பேசுவதற்கும் ஒரு உடல்நிலை வேண்டும்.

மாற்று வழிகளையும் யோசித்தோம். பேஸ்மென்டில் குடியிருக்கிற பெடியனை வழிக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம் என்றார் எதிர்வீட்டு அண்ணை. அதற்கும் 2009இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆப்பு வைத்துவிட்டது. பேஸ்மென்ட் வாசலில் சறுக்கி விழுந்த ஒரு குடியிருப்பாளர் போட்ட வழக்கு அது. வளவுக்குள் எல்லாரும் பாவிக்கிற நடைவழியைத் துப்புரவாக வைத்திருப்பது வீட்டுக்காரனின் கடமை, அதை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது போக, எங்கள் பெடியன் எழும்புவது பகல் பன்னிரண்டுக்கு. ஸ்னோ புளோவர் வாங்கலாம் என்றால், அடைத்த குழாய்க்குள் கையை விட்டு விரலைக் கொடுத்தவர்களின் கதைகள் வட்ஸப்பில் தனித் தொகுதி.

மகனைக் கேட்கலாம். அவன் நகரமையத்தில் முப்பதாவது மாடியில் இருக்கிறான். 2025 பெப்ரவரியில் ஒரு கிழமைக்குள் அரை மீற்றருக்கு மேல் கொட்டித் தள்ளியபோது தொலைபேசியில் எடுத்து, "அப்பா, மேலேயிருந்து பாக்க வடிவாய்க் கிடக்கு" என்று படம் அனுப்பினான். நாங்கள் மாடியிலிருந்து இறங்கி நிலத்துக்கு வருவதற்குப் பதினொரு வருடம் உழைத்தோம். அவன் திரும்ப ஏறிப்போவதற்கு மாதாமாதம் காசு கட்டுகிறான். அவனிடம் இருப்பது ஒரு கார். அதுவும் நிலத்துக்குக் கீழே.

கடைசியில் ஒரு கொன்ராக்காரரைப் பிடித்தோம். வவுனியாப் பக்கத்து ஆள், அறுபதுக்குக் கிட்ட வயது, சூடு போட்ட கபினோடு ஒரு குட்டி டிராக்டர். நான் அரைநாள் செய்த வேலையை அவர் ஒரு பழைய பாட்டு முடிவதற்குள் செய்துவிடுவார். வாசல் அணையை முட்டித் தள்ளும்போது மட்டும் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவார். எதிர்வீட்டு அண்ணைக்கும் இப்போது அவர்தான். இரண்டு டிரைவ்வேயும் ஒரே நேரத்தில் கறுப்பாகிவிடுவதால் போட்டிக்கு இடமில்லை. நாங்கள் இருவரும் அவரவர் யன்னலிலிருந்து கையை உயர்த்திவிட்டு மாத்திரைப் பெட்டியைத் தேடிப்போகிறோம்.

போன மாரியில் காசு கொடுக்கக் கதவடிக்குப் போனேன். வெறும் சேட்டோடு நின்றதைக் கண்டு, "அண்ணை, உள்ள போங்கோ, காத்துக் குளிர்" என்று அதட்டினார். பிறகு தானாகவே சட்டையைத் தொட்டுக் காட்டினார். போன வருடம் இரண்டு ஸ்ரென்ற் வைத்ததாம். இந்த டிராக்டர் ஏறாத ஒடுங்கிய முடுக்கில் அவர் வீடு, கையால்தான் வழிக்கவேணுமாம்.

"அப்ப ஆர் வழிக்கிறது?"

"மனிசிதான். அவையளுக்கு ஒண்டும் செய்யாதாம் அண்ணை. கியூபெக்கில ஆராஞ்சு சொல்லியிருக்கினம்."

அந்த ஆராய்ச்சியின் மற்றப் பாதியைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கபின் கதவு அடித்துச் சாத்தி, பாட்டும் தொடங்கி, டிராக்டர் எதிர்வீட்டுக்குத் திரும்பிவிட்டது.