சங்கிலியில் இருந்தவரின் சொத்துப் பட்டியல்

கேள்வி: வீடு கட்டினால், வேலை கிடைத்தால் ‘கர்த்தர் ஆசீர்வதித்தார்’ என்று சபையில் சாட்சி சொல்கிறோம். அப்படியென்றால் ஆவிக்குரிய ஆசீர்வாதம் என்பது எது? அது கிடைத்ததை எப்படி அறிவது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுங்கள். அது ஒரு கைதியின் கடிதம். ஆனாலும் துதியோடு தொடங்குகிறார் பவுல். 3ஆம் வசனத்தில் ஆரம்பித்தவர், மூல கிரேக்கத்தில் 14ஆம் வசனம் வரை ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டே போகிறார். நிறுத்த மனம் வந்தால்தானே! அவர் பட்டியலிடும் ஆவிக்குரிய ஆசீர்வாதங்கள் இவை: உலகம் உண்டாகும் முன்பே தெரிந்துகொள்ளப்பட்டது, தேவனின் பிள்ளையாக்கப்பட்டது, பாவமன்னிப்பு, பரிசுத்த ஆவியின் முத்திரை. பட்டியலில் வீடு இல்லை, வேலை இல்லை, ஜாமீன்கூட இல்லை! பட்டியலில் இருப்பவற்றைத் தரும்படி அவர் கெஞ்சவும் இல்லை. கிறிஸ்துவுக்குள் ஏற்கெனவே கிடைத்துவிட்டவை என்றே நன்றி சொல்கிறார். அதனால் வேலை போன மாதத்திலும் நீங்கள் ஆசீர்வதிக்கப்பட்டவர்தான். வீடு கிடைத்தவர் நன்றி சொல்லட்டும், அது நல்லதே. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவரைக் கர்த்தர் மறந்துவிட்டார் என்று நினைக்க வைக்கும் சாட்சி எனக்கு வலிக்கிறது. ஆசீர்வாதம் என்றால் வசதி என்று அர்த்தமில்லை. யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை போராடி ஆசீர்வாதம் வாங்கினான். திரும்பும்போது நொண்டிக்கொண்டுதான் வந்தான்.

அடையாளம் கேட்டீர்களே, அதே நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். திருடினவன் இனித் திருடாமல், இல்லாதவனுக்குக் கொடுப்பதற்காகக் கைகளால் பாடுபட வேண்டும். ஒருவரையொருவர் மன்னிக்க வேண்டும். உங்களோடு பேசாமல் இருக்கும் நாத்தனார் யாராவது இருந்தால், அவர் வீட்டுக்கு இந்த வாரமே ஒருமுறை போய் வாருங்கள்.