பழி சுமந்த அலமாரி

“1880இல் செய்தது” என்றார் பெரியவர். பக்கத்தில் நின்று பார்த்திருக்க வாய்ப்பில்லை. குரலில் மட்டும் அந்த உறுதி இருந்தது.

வாத்தியத்தை வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்த நண்பர் பதில் சொல்லாமல் டார்ச்சையும் பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடியையும் எடுத்து, டபுள் பாஸின் எஃப் வடிவத் துளைக்குள் விட்டார். உள்ளே ஒரு சீட்டு: ‘மேட் இன் ஜெர்மனி’. அமெரிக்கா 1890இல் போட்ட சுங்கச் சட்டத்தால், இறக்குமதிச் சரக்கில் செய்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டியிருந்தது. 1880 லேசாக ஆட்டம் கண்டது.

நாங்கள் வந்திருந்த ஊர், ஜெர்மனியின் சாக்ஸனியில் செக் எல்லையோரம் உள்ள மார்க்நாய்கிர்ஷன். இங்கிருந்து அமெரிக்காவுக்கு அவ்வளவு வாத்தியங்கள் போயின. 1893இல் அமெரிக்கா இங்கே தூதரக அலுவலகமே திறந்துவிட்டது. ஒரு வீட்டில் கழுத்தைச் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் உடலை. செய்தவர் யாரென்று கேட்டால் தெருவைத்தான் காட்ட வேண்டும்.

இந்த பாஸ் முக்கால் அளவாம். அந்த முக்காலே என் தலையைத் தாண்டி நிற்கிறது. இசைக்குழுக்களில் பெரும்பாலும் வாசிப்பதும் இந்த முக்கால்தான். முழு அளவு பாஸை மாடிக்குத் தூக்குகிறவருக்கு நான் நண்பனாக இல்லாதது என் பாக்கியம்.

துளையின் விளிம்பில் அடுக்குகள் தெரியவில்லை. ஆக, ஒட்டுப்பலகை இல்லை, செதுக்கிய மரம். முன்பலகையில் ஒட்டுப்போட்ட பழைய விரிசல்கள் இருந்தன. நண்பர் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. பாஸைத் திருப்பச் சொல்லி, சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பவரைப் போல முதுகை ஆராய்ந்தார். உள்ளே முன்பலகைக்கும் முதுகுக்கும் நடுவே பசையில்லாமல் இறுக்கத்திலேயே நிற்கும் குச்சி ஒன்று உண்டு. அது முட்டும் இடத்தில் முதுகு விரிந்திருந்தால் வைத்தியச் செலவு விலையோடு போட்டிபோடும். விரிசல் இல்லை. நண்பரின் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை. பழுத்த ஆள்.

பிறகு வில்லை எடுத்து அடித்தந்தியை இழுத்தார். நொடிக்கு 41 அதிர்வு. காதைவிட முழங்காலுக்கு நன்றாகக் கேட்டது. கூடவே ‘டர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல்.

“அது அலமாரி” என்றார் பெரியவர்.

அவர் மனைவி சந்தோஷமாக எழுந்து, அலமாரியிலிருந்த கோப்பைகளையெல்லாம் மேசைக்கு மாற்றினார். டர்ர்ர். “அப்படியானால் ஜன்னல்.” அம்மாள் ஜன்னலைத் திறந்தார். டர்ர்ர். “பல வருஷமாக என் அலமாரியைத்தான் திட்டுகிறார்” என்று என்னிடம் முறையிட்டார்.

நண்பர் விரல் கணுவால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். கீழே ஓரிடத்தில் ஓசை மாறியது: பசை விட்டிருந்தது. வஜ்ஜிரப் பசையைப் போட்டு ஒட்டுவதே, மரம் வெடிக்காமல் பசை விடட்டும் என்றுதான். மறுபடி ஒட்டுவது சின்ன வேலை. இதை நண்பர் சொல்லவில்லை. நீளமாகப் பெருமூச்சு விட்டார். பெரியவர் தலை குனிந்து, தாமாகவே 800 யூரோ குறைத்தார்.

பணம் கைமாறி, பாஸ் வண்டியேறி, ஆட்டோபான் வரும்வரை நண்பர் அந்த முகத்தை மாற்றவேயில்லை.