திருமுதுகுன்றத்து எடைக் குறைப்பு: ஒரு களிமண் ஆய்வு

ஜனவரி முதல் தேதி தொடங்கும் டயட் பொங்கலைத் தாண்டுவதில்லை. மனவுறுதி போதாததே காரணம் என்று வீட்டிலுள்ளோர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதை இவ்வாய்வு மறுக்கிறது. காரணம் பீங்கான் சூளையில் இருக்கிறது. செராமிக் படிப்புக்கென்றே அரசு கல்வி நிலையம் வைத்திருக்கும் விருத்தாசலத்தில், அதாவது பழைய திருமுதுகுன்றத்தில், இதை யாரும் எடுத்துச் சொல்லாதது வியப்பே.

முதலில் காலம். ஆங்கிலப் புத்தாண்டு மார்கழியின் நட்டநடுவில் வந்து விழுகிறது. விடியற்காலைப் பனி, கோயிலில் தொன்னை நிறைய வெண்பொங்கல், நெய்யில் சிவந்த முந்திரி. அதுவும் நம் பக்கத்துத் தோப்பு முந்திரி. பிரசாதத்துக்குக் கலோரி கிடையாது என்பது பெரியவர்களின் ஒருமித்த முடிவு. பத்து நாள் தாக்குப்பிடித்தால் கூடாரவல்லி, அக்காரவடிசில். அடுத்த சில நாளில் பொங்கல், பிறகு மாமியார் வீட்டுக் கரிநாள். 1863-இல் லண்டனில் உடல் பருமன் பற்றிச் சிறுநூல் வெளியிட்ட வில்லியம் பாண்டிங், ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தள்ளிவைத்துச் சுமார் 20 கிலோ இளைத்தார். அரச குடும்பத்துக்கே சவ அடக்கம் ஏற்பாடு செய்த தொழில் அவருடையது. தினமும் கண்முன்னே எச்சரிக்கை. போதாக்குறைக்கு அவருக்குக் கூடாரவல்லியும் இல்லை.

இனி, சூளை. பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரில் தோல்போல மண் கட்டும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் ஈரம் மினுங்கும் பிள்ளையார். காயக் காய எடையும் குறையும், உருவமும் சுருங்கும். ஆகா, இளைத்துவிட்டார்! ஆனால் அவரை ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். கரைந்து பழைய கூழாகிவிடுவார். போனது துகள்களுக்கு இடையில் இருந்த நீர் மட்டுமே. களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்த நீர் வெளியேற 500, 600 டிகிரி வெப்பம் வேண்டும். அப்போது சுத்தமான கயோலின் தன் எடையில் ஏறக்குறைய 14 சதவீதத்தை இழக்கிறது. அதன்பிறகு எத்தனை வாளி ஊற்றினாலும் அது பழைய களிமண் ஆகாது.

மனிதரும் முதல் வாரத்தில் இழப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கல்லீரலும் தசையும் சேர்த்துவைக்கும் கிளைகோஜன், கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. சோற்றைக் குறைத்ததும் கிளைகோஜன் கரைகிறது, நீரும் போகிறது, எடை மெஷினில் முள் இறங்குகிறது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகிறது. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் உள்ளே இறங்கினால் நீரும் திரும்பிவிடுகிறது. ஆக, நம்மவர் காய்ந்தாரே தவிர, சூளைக்குள் போகவே இல்லை.

எடையை ஓரிடத்தில் இறக்கி இன்னோரிடத்தில் எடுப்பதற்கு இவ்வூரிலேயே முன்மாதிரி உண்டு. சுந்தரர் பழமலைநாதரிடம் 12,000 பொன் பெற்று, இறைவன் சொற்படி மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். உரைகாரர்கள் பக்தியைப் பேசினார்கள்; எடையியலை விட்டுவிட்டார்கள். குளத்தில் எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருந்தது என்ற செய்தியை டயட்காரர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. திரும்பி வருவதோ பெரும்பாலும் கொழுப்பு. எடை அதே, மாற்று குறைவு. சுந்தரர் மறுபடி பாடி மாற்றைச் சரிசெய்துகொண்டார். நம்மவர் கையில் இருப்பது ஜிம்முக்கு ஓராண்டுச் சந்தா கட்டிய ரசீது.

டயட்டை மாசி மகத் திருவிழா முடிந்த கையோடு தொடங்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. முந்திரி அறுவடை அப்போதுதான் ஆரம்பம் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.