எத்தனை முயல் வளர்க்கிறீங்க?

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்,
9.11.2025, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

போன் இருக்கும்போது எதுக்குடா கடிதாசின்னு நைனா கேட்பாரு. போன்ல நான் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஹாரன் அடிச்சுக்கிட்டு வருது. அது கடந்து போறதுக்குள்ள நீ "சரி, சாப்டியா?"ன்னு ஆரம்பிச்சிடற. நாலு வருஷமா நான் என்ன சாப்பிட்டேன்ங்கிறதைத் தவிர என்னைப் பத்தி உனக்கு ஒண்ணும் தெரியாது. தவிர, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இங்க ஞாயித்துக்கிழமைன்னா கடை கிடையாது. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தெருத் தொட்டியில போடக் கூடாது, சத்தம் கேட்கும். மிக்சி ஓட்டலாமான்னு யாரையும் கேட்கத் தைரியம் வராம, சட்னி இல்லாத தோசையைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கேன். கடிதம் எழுதினா சத்தம் வராது.

"ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, காசெல்லாம் எங்கதான் போவுது?"ன்னு போன வாரம் கேட்ட. கணக்கு சொல்றேன், கேளு.

வந்த புதுசுல எதைத் தொட்டாலும் மனசுக்குள்ள நூறால பெருக்குவேன். ஒரு யூரோன்னா நூறு ரூபான்னு ஒரு தோராயக் கணக்கு. முடிவெட்ட 25 யூரோ. பெருக்கினா 2,500 ரூபா. மீஞ்சூர் சலூன்ல அந்தக் காசுக்கு ஒரு வருஷம் வெட்டிக்கலாம், தலைக்கு மசாஜும் சேர்த்து. உன் மருமகள் ஒரு மிஷின் வாங்கிட்டா. யூடியூப் பார்த்து அவளே வெட்டுறா. போன மாசம் அனுப்பின போட்டோவுல நான் வீட்டுக்குள்ள எதுக்குக் குல்லா போட்டுக்கிட்டு நின்னேன்னு இப்ப உனக்குப் புரிஞ்சிருக்கும்.

குப்பைக் கதைக்கு வர்றேன். இந்த ஊர்ல குப்பைக்கும் சாதி பிரிச்சிருக்காங்க. காய்கறித் தோல், எச்சில் சோறு ஒரு தொட்டி. காகிதம் ஒண்ணு. எதுலயும் சேராதது இன்னொண்ணு. கண்ணாடின்னா தெருமுனைக்குத் தூக்கிக்கிட்டுப் போய் வெள்ளை, பச்சை, பழுப்புன்னு நிறம் பார்த்துப் போடணும். பால் டப்பா, பிஸ்கட் உறை மாதிரி சாமானெல்லாம் "மஞ்சள் பையில போட்டு வாசல்ல வை"ன்னு கீழ்வீட்டுப் பாட்டி முதல் வாரமே சொல்லிச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம ஊர்ல 2019-ல பிளாஸ்டிக் பையைத் தடை பண்ணி, 2021 டிசம்பர்ல அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு திட்டம் கொண்டு வந்தப்ப, "மீண்டும்னா என்னாடா? நான் எப்ப விட்டேன்?"னு நீ கேட்டியே, ஞாபகம் இருக்கா? மஞ்சப்பைக்கு என்கிட்டயா பஞ்சம்? பொன்னேரியில நடந்த சித்தப்பா பொண்ணு கல்யாணத்துத் தாம்பூலப் பையை எடுத்து, குப்பையை ரொப்பி, காது ரெண்டையும் முடிச்சுப் போட்டு வாசல்ல வச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தா தெருவுல எல்லா வீட்டுக் குப்பையும் போயிருக்கு, நம்மது மட்டும் சிவப்புச் சீட்டு ஒட்டி நிக்குது. அவங்க சொன்ன மஞ்சள் பை, கண்ணாடி மாதிரி மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் சாக்கு. நாம அங்க காய் வாங்கப் போற மஞ்சப்பை வேற, அவங்க குப்பை போடுற மஞ்சப்பை வேற. மறுநாள் கீழ்வீட்டுப் பாட்டி நம்ம பையைத் துவைச்சு, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து குடுத்துச்சு. மாப்பிள்ளை பேரும் முகூர்த்த நேரமும் அழியாம அப்படியே இருக்கு. "இவ்ளோ நல்ல துணியை யாராவது எறிவாங்களா?"ன்னு ஒரு பார்வை. அம்மா, அது உன் பார்வை. நீதான் விசா எடுத்து வந்து நிக்கிறியோன்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன்.

இந்தச் சீமைக்குச் சுவேபியான்னு பேரு. இந்த ஊர்க்காரங்க காசுல ரொம்பக் கெட்டின்னு மத்த ஜெர்மன்காரங்க கேலி பண்ணுவாங்க. மாடிப்படி கூட்டுறதுக்கு ஆள் வைக்க மாட்டாங்க, வீட்டுக்கு ஒரு வாரம்னு முறை. முறை வந்தா நம்ம கதவுல ஒரு பலகை தொங்கும். கூட்டித் துடைச்சிட்டு அதை அடுத்த வீட்டுக் கதவுல மாட்டிடணும். உன் மருமகள் முதியோர் இல்லத்துல நர்ஸ், நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்கி எழுந்திருக்கவே மத்தியானம் ஆயிடுது. அதனால பலகை பெரும்பாலும் என் கழுத்துலதான். அத்திப்பட்டுல கரித்தூள் படியுற திண்ணையை ஒரு நாளைக்கு மூணு தடவை துடைச்சவ பிள்ளை நான். இங்க துடைச்ச துணி அழுக்கே ஆகலை. சரியாத் துடைக்கலையோன்னு எனக்கே சந்தேகம் வந்து ரெண்டாவது தடவையும் துடைச்சேன்.

இப்ப பாட்டில். நீ சோடா பாட்டிலுக்கு டெபாசிட் கட்டின காலத்தைச் சொல்லுவியே, அது இங்க 2003-லிருந்து சட்டமாவே இருக்கு. ஒரு தடவை குடிச்சுட்டுத் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் பாட்டிலும் தகர டப்பாவும் வாங்கினா விலையோட 25 சென்ட் சேர்த்துப் பிடிச்சுக்குவாங்க. பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். (எனக்கு எப்படித் தெரியும்னு நைனாவைக் கேட்க வேணாம்னு சொல்லு.) காலிப் பாட்டிலைக் கடையில இருக்கிற மிஷின் வாய்க்குள்ள வச்சா, அது உருட்டிப் பார்த்து, முழுங்கி, கடைசியில ஒரு சீட்டு துப்பும். அதைக் கல்லாவுல நீட்டினா காசு. நசுங்கின பாட்டிலை மறுபடி வெளியவே தள்ளிடும். ஆபீஸ்ல யாராவது பாட்டிலைக் கையில பிசைஞ்சா எனக்கு வயித்துல பிசையுது.

அந்தப் பாட்டிலெல்லாம் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போறது எதுல தெரியுமா? நீ பின்னிக் குடுத்த பச்சை, வெள்ளை வயர் கூடையில. அன்னைக்கு ஏர்போர்ட்டுல "இதெல்லாம் எதுக்கும்மா, மானம் போவுது"ன்னு நான் குதிச்சேன். இப்ப 31 பாட்டில் நிக்குது அதுல, கைப்பிடி இழுபடலை, அடி தொங்கலை. மிஷின் வரிசையில எனக்குப் பின்னால நின்ன ஒரு அம்மா குனிஞ்சு ஒவ்வொரு முடிச்சாத் தொட்டுப் பார்த்துச்சு. எந்தக் கடைன்னு கேட்டுச்சு. அத்திப்பட்டுன்னு சொன்னேன். போன்ல எழுத்துக் கூட்டி அந்தக் கடையைத் தேடிச்சு. நம்ம புதுநகர் ஸ்டேஷன் படம்தான் வந்துச்சு.

சமையலுக்கு வர்றேன். சந்தையில நூக்கல் அழகா இலையோட வருது. வாங்குறவங்க இலையைத் திருகி, பக்கத்துல இருக்கிற பெட்டியில போட்டுட்டுக் காயை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறாங்க. முள்ளங்கிக்கும் அதே கதி. கீரை, அம்மா! பெட்டி நிறைய! எனக்குக் கை துறுதுறுன்னுச்சு. எடுத்துக்கலாமான்னு கேட்டேன். கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே, "எத்தனை முயல் வளர்க்கிறீங்க?"ன்னு கேட்டாரு. எனக்கு என்ன தோணுச்சோ, "மூணு"ன்னு சொல்லிட்டேன். அதுலேருந்து சனிக்கிழமை தவறாம ஒரு பை இலை எடுத்து வச்சிடறாரு. நூக்கல் இலையைப் பொடியா அரிஞ்சு, பாசிப்பருப்பும் பூண்டும் சேர்த்துக் கூட்டு. முள்ளங்கி இலை பொரியல், தேங்காய் கொஞ்சம் தாராளமாப் போட்டா கசப்பு தெரியாது. ஒரு வாரம் முயலுக்குன்னு ரெண்டு கேரட்டும் இனாமாப் போட்டாரு. போன சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கிட்டுப் போனதுதான் தப்பு. "முயலெல்லாம் சௌக்கியமா?"ன்னு அவர் கேட்க, இது ஏழு வயசுத் துடுக்கு, "எங்க வீட்ல முயலே இல்லையே, நாங்கதான் சாப்பிடறோம்"னு போட்டு உடைச்சிடுச்சு. கடைக்காரர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாரு. அப்புறம் எப்படிச் சமைக்கிறதுன்னு கேட்டு ஒரு சீட்டுல எழுதிக்கிட்டாரு. கேரட்டு மட்டும் நின்னுபோச்சு.

தீபாவளிக்கு முறுக்கு நாழி இல்லாம தவிச்சோம். கீழ்வீட்டுப் பாட்டிகிட்ட ஒரு அச்சு இருக்கு. மைதாவும் முட்டையும் பிசைஞ்சு, அதுல போட்டு, கொதிக்கிற தண்ணியில பிழிஞ்சா 'ஷ்பெட்ஸ்லே'ன்னு ஒரு பண்டம், இந்தச் சீமைக்கே அதுதான் சாப்பாடு. இரும்புப் பிடி ரெண்டையும் சேர்த்து அழுத்துற அமைப்பு, கிணத்துல தண்ணி இறைச்ச கைக்கு ஒண்ணுமில்லை. இடியாப்பத்துக்கு அந்த ஓட்டை பெருசு, புழு மாதிரி வந்துச்சு. ஆனா காராசேவுக்குன்னே செஞ்ச மாதிரி அளவு! கடலைமாவு, அரிசிமாவு, மிளகுத்தூள் போட்டுப் பிழிஞ்சு எடுத்தோம், ஆறுமுன்ன பாதி காணோம். அச்சைத் திருப்பிக் குடுக்கும்போது ஒரு கிண்ணம் பாட்டிக்கும் குடுத்தேன். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுது: நம்ம காராசேவைத் தட்டுல பரப்பி, மேல வேகவச்ச பயறுக் குழம்பை ஊத்தி, வினிகர் விட்டு, கரண்டியால சாப்பிட்டுக்கிட்டிருக்கு. இங்க பயறும் ஷ்பெட்ஸ்லேயும் ஜோடி, அந்தப் பழக்கம். கொஞ்சம் கெட்டியா இருக்கு, இன்னும் பத்து நிமிஷம் வேகவைன்னு யோசனை வேற சொல்லுச்சு.

இதே ஊர்ல 'மவுல்டாஷன்'னு ஒண்ணு, கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள்ள பூரணம். விரத காலத்துல கறி திங்க ஆசைப்பட்ட சாமியாருங்க, கடவுள் கண்ணுல படாம இருக்க கறியைக் கீரையோட கொத்தி மாவுக்குள்ள ஒளிச்சு வச்சாங்கன்னு கதை சொல்றாங்க. அடுத்த புரட்டாசிக்குள்ள இதை நைனாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க.

மாவு புளிக்கிறதுதான் பெரும்பாடு. அவன் அடுப்புக்குள்ள விளக்கை மட்டும் போட்டு வச்சா அந்தச் சூட்டுல பொங்கும்னு எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு நாள் வச்சோம், மாவு கல்லு மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, எங்க அவன்ல இருக்கிறது எல்.இ.டி. விளக்கு, சூடே வராது. பாட்டி வெந்நீர்ப் பை குடுத்துச்சு. அதைத் துண்டுல சுத்தி, மாவுச் சட்டியோட சேர்த்துக் கட்டில்ல படுக்க வச்சு, கம்பளியால போர்த்திட்டு, நான் ஓரத்துல ஒண்டிக்கிட்டேன். நடுராத்திரி ஏதோ கொழகொழன்னு கையில பட்டுச்சு. பொங்கின மாவு தலையணை வரைக்கும் வந்திருக்கு. மிச்சம் பிடிச்ச காசு கம்பளி துவைக்கப் போச்சு. தோசை மட்டும் உன் தோசை மாதிரியே வந்துச்சு.

புளியை மொத்தமாக் கரைச்சு ஐஸ் டிரேயில ஊத்தி உறைய வச்சிடறோம். ரசத்துக்கு ரெண்டு கட்டி, குழம்புக்கு நாலு. அவசரத்துக்கு அமிர்தம். வீட்டுக்கு வந்த ஆபீஸ் நண்பருக்கு நம்ம பையன் அதுல ரெண்டைக் கோலாவுல போட்டுக் குடுத்துட்டான். அவரு குடிச்சுட்டு இது எந்தக் கம்பெனின்னு கேட்டாரு.

ஒண்ணு சொல்லணும், ரொம்ப நாளா மனசுல இருக்கு. உன் சிக்கனத்துல பாதியை நாங்க செய்யறதில்லை. வடகம் இல்லை, பீர்க்கங்காய்த் தோல் துவையல் எப்பவாவது. நைனா சிப்காட்டுல ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம் பார்த்த வேலையை நான் இங்க வாரத்துக்கு 35 மணி நேரம்தான் பார்க்கிறேன், ஆனாலும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்து, துவைச்சு, சமைச்சு நிமிர்ந்தா மணி ஒன்பது. அன்னைக்கு வாசல்ல கிடக்கிற மிதியடியைப் பார்த்தேன். உன் பழைய புடவையைக் கீறி, சடை பின்னி, வட்டமாச் சுத்தித் தைச்சுக் குடுத்தியே, அதுதான். ஆடி மாசம் முழுக்கச் சாயங்காலம் அதுலயே உட்கார்ந்திருந்த. குறைச்சுப் போட்டாலும் 40 மணி நேரம். இந்த ஊர்ல 2025-ல சட்டப்படி குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. கணக்குப் போட்டா 500 யூரோவைத் தாண்டுது. பழக்கதோஷத்துல நூறால பெருக்கினேன். அம்பதாயிரம் ரூபா மிதியடி மேல நான் ஷூ காலோட நின்னுக்கிட்டிருக்கேன். நீ கணக்கு எழுதுற நோட்டுல பால், மளிகை, மண்ணெண்ணெய்னு எல்லாம் இருக்கும். உன் சாயங்காலத்துக்குன்னு அதுல ஒரு வரி பார்த்ததா எனக்கு ஞாபகமில்லை. மிதியடியை எடுத்துச் சுவத்துல மாட்டலாம்னு பார்த்தேன். ஞாயித்துக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது.

இப்ப அவசரமான விஷயம். மிஷின் வரிசையில கூடையைப் பார்த்த அம்மாவும், கீழ்வீட்டுப் பாட்டியும் ஒரே சர்ச்சாம். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு, கூடை பின்னக் கத்துக்கணும்னு வந்து நிக்கிறாங்க. யார் சொல்லித் தருவாங்கன்னு கேட்டாங்க. வாய் சும்மா இருக்குமா, எனக்கே தெரியும்னு சொல்லிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றாங்க, கேக்கோட. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சின்ன வயசுல நீ பின்னும்போது வயர் கட்டைப் பிரிச்சு நீளமாப் பிடிச்சுக்கிட்டு நின்னதுதான்.

அதனால இந்தக் கடிதத்துக்குப் பதில் கடிதம் வேணாம், வந்து சேர நாளாகும். இதை எழுதி முடிச்ச கையோட படம் பிடிச்சு, அங்க உன்கூட இருக்கிற பாப்பா போனுக்கு அனுப்பறேன். அவளை விட்டு வீடியோ எடுக்கச் சொல்லு. அடிக்கு எத்தனை வயர், எத்தனை முழம் வெட்டணும், பிஸ்கட் முடிச்சு எங்க ஆரம்பிக்குது, எல்லாத்தையும் மெதுவாக் காட்டு. சிவன் கண் முடிச்சு வேணாம், அது எனக்கு ஏறாது. ரயில் வராத நேரமாப் பார்த்து எடுங்க.

இப்படிக்கு,
உன் பிள்ளை

பி.கு.: சாப்பிட்டேன். நூக்கல் இலைக் கூட்டு.