குடி பெயரும் மல்லிகை

கேள்வி: பல வருஷங்களாகக் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். நான் வைத்து வளர்த்த குண்டுமல்லியையும் கறிவேப்பிலையையும் பெயர்த்துச் செல்ல வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. என்ன செய்யலாம்?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையொப்பமிடாதிருந்தால், 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு தங்கள் பக்ஷமே பேசுகிறது, குடியிருப்பவர் தாம் பூமியில் ஊன்றியவற்றை, வீடு தம் சுவாதீனத்தில் இருக்கும்வரை எடுத்துக்கொள்ளலாம், ஆயினும் இடத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே குழியை மூடிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். கொடுத்த பிறகு மதிலேறிக் குதித்தால் சட்டம் தங்களை வேறு பெயரால் அழைக்கும்.

ஸத்யபாமையின் பொருட்டு இந்திரலோகத்துப் பாரிஜாதத்தையே வேரோடு கொணர்ந்த கண்ணபிரானுக்குக் கருடவாகனம் இருந்தது. தங்களுக்கு வாய்த்திருப்பதோ, பீரோவுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவே லாரியில் ஒரு சாண் இடம். முற்றிய கறிவேப்பிலை மரத்தைப் பிடுங்கினால், அது புது வீட்டில் தாளிக்க உதவாமல் அடுப்பெரிக்கவே உதவும். பக்கவேரில் முளைத்த கன்றொன்றை மண்ணோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டால் போதுமானது. மல்லிகைக்குப் பதியனே உத்தமம்: தாழ்ந்த கிளையின் கணுவடியில் பட்டையை லேசாகச் சீவி, மண் தொட்டியில் வளைத்துப் புதைத்து, நிமிராதபடி மேலே ஒரு செங்கல்லை வைத்து, வேர் விட்டபின் தாய்ச்செடியிலிருந்து நறுக்கிவிடலாம். இதற்குச் சில மாதங்கள் ஆகுமாகையால், அதுவரை வீட்டைக் காலி செய்ய இயலாதென்று வீட்டுக்காரரிடம் சவிநயமாகத் தெரிவித்துப் பாருங்கள். கடப்பாரையை அவரே கொண்டுவந்து கொடுப்பார்.