ஒரு நூலு வித்தியாசம்

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. பட்டணத்துல என்னமோ மாநாடாமே. கண்ணு தெரியாதவுக, நடக்க முடியாதவுக எல்லாருக்கும் தோதா சாமான் செய்யுறது எப்படின்னு மூணு நாளு பேசினியளாம். நல்ல காரியம். பேசின மேடைக்கு எத்தனை படி? அஞ்சா? சரி, முறைக்காத. டீயக் குடி.

நான் படிச்சது மூணாங்கிளாஸு. ஆனா நீ படிச்ச பாடத்த சர்க்காரு 1957-லயே என் டவுசர் பையில போட்டுக் குடுத்துருச்சு. நயா பைசா வந்த வருசம். ரெண்டு பைசாவும் பத்து பைசாவும் ஓரமெல்லாம் நெளிநெளியா பூ மாதிரி; ஒண்ணு பொடிசு, ஒண்ணு பெருசு. அஞ்சு பைசா சதுரம். பின்னால மூணு பைசான்னு ஒண்ணு வந்துது, அதுக்கு ஆறு மூலை. பையிக்குள்ள கைய விட்டா போதும், குனிஞ்சு பாக்கவே வேண்டாம்.

எங்க அத்தானுக்குப் பொறவியிலயே பார்வை கிடையாது. பெட்டிக்கடை வச்சிருந்தாரு. விளக்கு அணைஞ்சாலும் கல்லாவுல கையப் போட்டா மிச்சச் சில்லறை துல்லியமா வரும். ஏமாத்திப் பாத்த பயலுவ நாலு பேரு உண்டு. நானும் ஒருதரம் பாத்தேன். அத்தை திருகின காது இன்னும் வலிக்கு.

இதுக்கெல்லாம் 'இன்க்ளூசிவ் டிசைன்'னு யாரும் பேரு வைக்கல. பேரு வச்ச பொறவுதான் சாமான் கெட்டுப்போவுதோ என்னமோ.

1992-ல வந்த ரெண்டு ரூபாய்க் காசுக்குப் பதினோரு மூலை. விரலு பட்டா பேசும். அதையும் மழுக்கி வட்டமாக்கினானுவ. ஒத்த ரூபாயும் வட்டம், ரெண்டு ரூபாயும் வட்டம், ரெண்டும் ஒரே எஃகு. அகலத்துல ஒரு நூலுகூட வித்தியாசம் கிடையாது. கண்ணுள்ள கண்டக்டரே வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாத்தாரு.

நோட்டு கதையக் கேளு. பழைய நூறு 157 மில்லிமீட்டர் நீளம், ஐநூறு 167. ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்னுச்சு. 2016-லருந்து வந்த புதுசுல நூறு 142, எரநூறு 146, ஐநூறு 150. நாலு மில்லிமீட்டர்! ஆசாரிகிட்டக் கேளு, ஒரு நூலுக்குக் கொஞ்சம் கூடன்னுவாரு. சரிலே, கையில இருக்குறது ஒத்த நோட்டுன்னா அத எதோட வச்சு அளக்க?

"ஓரத்துல புடைச்ச கோடு இருக்குல்லா தாத்தா"ம்ப. இருக்கு. நூறுக்கு முக்கோணம், ஐநூறுக்கு வட்டமும் இருக்கு. வங்கியில இருந்து வந்த சூட்டோட தடவினா தெரியும். நாலு மீன்கடை ஏறி இறங்கின நோட்டத் தடவிப் பாரு. மீன் வாடைதான் தெரியும்.

இதுக்கு மருந்தா 2020 புத்தாண்டு அன்னைக்கு ரிசர்வ் வங்கி 'மணி'ன்னு ஒரு செயலி விட்டுது. போன் கேமராவுல நோட்டக் காட்டினா எத்தனை ரூபான்னு சொல்லும். சத்தம் வேண்டாம்னா அதிர்ந்து காட்டும். நெட்டும் தேவையில்ல. கெட்டிக்காரத்தனந்தான், நான் இல்லங்கல. ஆனா டவுன் பஸ்ஸுல அத்தானுக்கு ஒரு கை கம்பியில, ஒரு கை நோட்டுல. போனப் பிடிக்க மூணாவது கை எந்தக் கடையில விக்கி? ஐநூறுன்னு அது வாயத் தொறந்து சொன்னா, பக்கத்துல நிக்கவன் காது என்ன செவிடா?

நடுவுல ஒருதரம் புத்தி வந்துது, அதையும் சொல்லணும். 2019-ல 20 ரூபாய்க் காசு, பன்னெண்டு மூலை. பழைய பைசாவுக்குப் பேரன் மாதிரி. கையில பட்டதும் அத்தான் மொகத்துல ஒரு சிரிப்பு பாக்கணுமே!

நோட்டுக்கு அத்தான் பாடு அத்தானோட. வீட்டுல யாரையாவது கேட்டு, நூற மடிக்காம, எரநூற ரெண்டா, ஐநூற நாலா மடிச்சு வச்சுக்கிடுவாரு. போன வாரம் கரண்டு போச்சா, இருட்டுல நான் பால்காரருக்கு நூறுன்னு நெனச்சு எரநூற நீட்டிட்டேன். ரெண்டு கண்ணும் நல்லா இருக்குற மனுசன். மறுநாள் அவரா வந்து குடுத்தாரு, அது வேற.

இப்ப நானும் எரநூற ரெண்டா மடிச்சுத்தான் வைக்கேன். உன் போன் என்னமோ கத்துது பாரு, சார்ஜ் தீர்ந்துட்டோ?